அம்மையின் பெட்டியில் தொங்கிய நம்பர் பூட்டு

நம்பர் பூட்டை நம்பி நகையை வைத்திருக்கிறவர்கள் உங்களில் யாராவது உண்டா? உண்டென்றால் இதை வாசித்து முடித்ததும் மெல்ல எழுந்துபோய் அதற்கு வேறு இடம் பாருங்கள். முட்டுவலிக்காரிகள் அவசரப்பட வேண்டாம். இத்தனை காலம் போகாதது இன்றைக்குள் போய்விடாது.

நான் சொல்வது விலை குறைந்த பூட்டை. சாவி கிடையாது. வயிற்றில் மூன்று சக்கரம், சக்கரத்தைச் சுற்றி எண்கள். எண்களைச் சரியாக நிறுத்தினால் வளையம் மேலே வரும். இல்லையென்றால் வராது. வராது என்றுதான் விற்கிறவன் சொல்லுவான். எனக்கு எழுத்து கொஞ்சம்தான். இதையும் ஒரு வரி எழுதுவது, ஒரு வெற்றிலை போடுவது என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பூட்டைப் பற்றி என்னிடம் யாரும் வந்து பேச வேண்டாம். எண்ணைப் படிக்கத் தெரியாத வயசிலேயே அதைத் திறந்தவளாக்கும் நான்.

அப்போது எனக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. கும்பப்பூ அறுப்பு முடிந்து, வயல் வெடித்துக் கிடந்த மாசம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மை, நான், அப்பாவுக்கு மூத்த அத்தை, இவ்வளவு பேர்தான். நாலாவது ஆள் என்று சொன்னால் அது அம்மையின் பெட்டி. அத்தைக்குக் கோபம் வந்தால் வரட்டும், பெட்டியைத்தான் அம்மை அவளுக்கு முன்னால் எண்ணுவாள்.

அயனிப் பலகையில் செய்த பெட்டி. நாலு குட்டைக் கால், மூலைக்கு மூலை பித்தளைத் தகடு. கல்யாணமாகி வரும்போது அம்மையின் அம்மை கொடுத்து, மாட்டு வண்டியில் கூடவே வந்தது. சாமி படம் இருக்கிற அறையில் சுவரோரமாக நிற்கும். அம்மையின் அட்டியல், காசுமாலை, கல் கம்மல், பட்டுச்சேலை, அப்பா தோளில் போடுகிற சரிகை நேரியல் எல்லாம் அதற்குள்ளே. திறந்தால் பச்சைக் கற்பூரமும் மடிப்பு விழுந்த பட்டுமாக ஒரு வாசம் வரும். அதை மோந்து பார்க்கவே நான் ஓடுவேன். சாவி அம்மையின் இடுப்பில். நல்ல இரும்புச் சாவி, என் கை நீளம் இருக்கும். அம்மை நடந்தால் முதலில் சாவிச் சத்தம் வரும், பிறகுதான் அம்மை வருவாள். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் அத்தைகூட வாய்க்குள் போட்டதைச் சீக்கிரம் மென்று முடிப்பாள்.

அந்தச் சாவி குளத்தில் போயிற்று. குளிக்கும்போது முடிச்சு அவிழ்ந்து விழுந்துவிட்டது. இறங்கித் தேடியவர்கள் கைக்கு ஒரு செம்பும், யாருடையதோ ஒற்றைக் கொலுசும் வந்தன. சாவி வரவில்லை. கொல்லனைக் கூப்பிட்டுப் பூட்டை அறுக்க வேண்டியதாகிவிட்டது. அறுக்கிற சத்தம் கேட்டுத் தெருவே வந்து வாசலில் நின்றது. அப்பாவுக்கு அது பெரிய மானக்கேடு. அப்பா பத்திரிகை வாசிக்கிறவர். நாலு பேருக்கு உரக்க வாசித்துக் காட்டி அர்த்தமும் சொல்லுகிறவர். அவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

சரியாக அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா பம்பாயிலிருந்து லீவில் வந்தார். அப்பாவின் தம்பி. தலையில் எண்ணெய், கழுத்தில் பவுடர், கையில் தகரப் பெட்டி. அந்தத் தகரப் பெட்டியில் இது தொங்கியது. மஞ்சளாக, பளபளவென்று, உருண்டையாக. அப்பா ஊர் விசாரிப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னதுலே?"

"நம்பர் பூட்டுண்ணே. வெள்ளைக்காரன் கப்பல்ல போடுத பூட்டாக்கும். கள்ளன் ஆயிரம் தடவ திருப்பினாலும் ஆப்பிடாது."

"சாவி எங்க?"

"சாவியே கெடையாதுண்ணே."

அப்பா மெதுவாகத் திரும்பி அம்மையைப் பார்த்தார். "கேட்டியா? சாவியே கெடையாதாம். குளத்துல போடுததுக்கு ஒண்ணும் இல்ல."

அன்றைக்கே சித்தப்பா அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சித்தப்பா பாதி இங்கிலீசும் பாதி பம்பாய்ப் பேச்சுமாக எதையோ விளக்குவதும், அப்பா "ம், சரி, தெரியும், தெரியும்" என்பதும் வெளியே கேட்டது. கதவு திறந்தபோது அம்மையின் பெட்டியில் அது தொங்கியது.

"நம்பர் என்ன?" என்று அம்மை கேட்டாள்.

"அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"பெட்டி எனக்குள்ளதுல்லா?"

"பொம்பளை வாயில நம்பர் நிக்காது. காலம்பற ஒருத்திகிட்ட சொன்னா உச்சைக்கு ஊரு பூரா தெரியும். வேண்டியத கேளு, நான் திறந்து தாறேன்."

அம்மை தீயலுக்குத் தேங்காய் வறுக்கப் போய்விட்டாள். அம்மைக்குக் கோபம் வந்தால் தேங்காய் கருகும், அது வழக்கம். அன்றைக்குக் கருகவில்லை. பொன் நிறமாக, ஒரே பதமாக வறுத்து இறக்கினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பங்குனியில் கொட்டாரம் ஊரில் ஒரு கல்யாணம். அம்மைக்குச் சொந்தத்தில் பெண். புறப்படுகிற நேரத்தில் அப்பா குளித்து, பொட்டு வைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். கேட்பாள், திறக்கலாம் என்று. அம்மை கேட்கவில்லை. கொடியில் கிடந்த நூல் சேலையைக் கட்டிக்கொண்டு, தாலிச் சரடோடு, காதில் தினமும் போடுகிற தோடோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாண வீட்டில் பெண்கள் எல்லாம் அட்டியலும் காசுமாலையுமாக ஜொலிக்க, அம்மை மட்டும் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி வெறுமையாக நின்றாள். கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில் சொன்னாள். "எல்லாம் பெட்டியில பத்திரமா இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பந்தியில் அப்பா அடைப்பிரதமன் பாயசத்தை இலையில் வாங்கி, பப்படத்தை நொறுக்கி, வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்து இலைக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏதும் முட்டுப்பாடா? பொன்னுப் பண்டம் எல்லாம் அடகுக்குப் போயாச்சா?"

அப்பா அந்தப் பிரதமனைத் தின்னவே இல்லை. அதை நான்தான் தின்றேன். அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குதித்தார். "ஒரு வார்த்த கேட்டா நான் திறந்து தர மாட்டேனா?"

அம்மை முடியை அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னாள். "என் அம்மை எனக்குத் தந்தத நான் எதுக்கு ஒரு ஆளுகிட்ட கேக்கணும்? நம்பரைச் சொல்லுங்கோ. இல்லாட்டா அது அங்கேயே கெடந்து செல்லரிக்கட்டும்."

"பொன்னு செல்லரிக்குமா?"

"பட்டு அரிக்கும்லா."

இப்படித்தான் வீட்டில் ஒரு போர் தொடங்கிற்று. அவள் கேட்க மாட்டாள், அவர் சொல்ல மாட்டார். பெட்டி நடுவில் நின்றது.

இதற்கிடையில் எனக்கு ஒரு தனிக் காரியம் இருந்தது. சித்தப்பா பம்பாயிலிருந்து ஒரு டப்பா பிஸ்கத்து கொண்டு வந்திருந்தார். நடுவில் சிவப்பாக ஜாம் வைத்தது. அப்பா அதையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, விசேஷ நாளில் எடுத்து ஆளுக்கொன்று தருவதாகச் சொல்லியிருந்தார். விசேஷ நாள் எது என்று அவர் சொல்லவில்லை.

பங்குனி வெயிலில் உச்சைக்கு எல்லோரும் படுத்துவிடுவார்கள். நான் பெட்டியின் அருகில் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து பூட்டைத் திருப்பிக்கொண்டிருப்பேன். எண் எதுவும் எனக்குத் தெரியாது. சக்கரத்தில் என்னவோ கோலம் போட்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். பூட்டை ஒரு விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால் இரண்டு சக்கரம் சும்மா சுற்றும், ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுக்காரியை மெல்ல மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் உள்ளே ஏதோ தளர்ந்து சரியும். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளினால் ஒரு பக்கம் மட்டும் வழிவிடுமே, அதே மாதிரி. அப்போது எனக்கு அந்த ஞானம் வாயிலேயே இருந்தது. அது சரிந்ததும் அடுத்த சக்கரம் முரண்டும். அதையும் தாஜா பண்ணினால் மூன்றாவது. பிறகு வளையம் தானாக வந்துவிடும்.

முதல் தடவை திறந்தபோது கற்பூர வாசம் முகத்தில் அடித்தது. ஒரு பிஸ்கத்தை எடுத்து, ஜாமை முதலில் நக்கி, பிறகு மற்றதைத் தின்றேன். பூட்டைத் திரும்பப் பூட்டிச் சக்கரங்களைக் கலைத்தும் விட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. புத்தி தானாக வரும்.

இந்த வித்தை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. போன தடவை என் மருமகன் துபாயிலிருந்து வந்தபோது பெட்டி நம்பரை மறந்துவிட்டு, போனில் யாரோ வெள்ளைக்காரன் சொல்லித் தருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவலுக்குத் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தேன், திறந்தேன், திரும்பவும் தேங்காய் துருவப் போனேன். "மாமி, இது எப்படி?" என்று பின்னாலேயே வந்தார். விலை குறைந்தது எல்லாம் அந்தக் காலத்துப் பூட்டின் பேரன் பேத்திதான், மேலே பூசின சாயம் மட்டும் வேறு. உள்ளே ஒழுங்காக இழைத்திருக்க மாட்டான், அதனால் ஒவ்வொரு சக்கரமும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பொய் சொல்லக் கூடாதில்லையா, மகன் வீட்டு மாடிக் கதவில் கனமான ஒன்று தொங்குகிறது, அது எனக்கு மசியவில்லை. அதில் சக்கரம் தேவையில்லாத இடத்திலும் நின்று நின்று போகும், விரலை ஏமாற்றும். விலை கேட்டேன். நல்ல விலைதான். அதனிடம் தோற்றதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பழைய கதைக்கு வருகிறேன். திறக்கத் தெரிந்த இரண்டொரு நாளில் அம்மையிடம் போனேன். அவள் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் ரகசியமாகச் சொன்னேன். "அம்மை, எனக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியும். உனக்கு அட்டியல் எடுத்துத் தரட்டா?"

அம்மை காயைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"என் பெட்டியை நான் களவாணி மாதிரி திறக்கணுமாட்டி?"

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாயைத் துடை. ஜாம் இருக்கு" என்றாள்.

பிஸ்கத்து குறைவதை அப்பா கவனித்துவிட்டார். ஆனால் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, நம்பர் தன் ஒருவருக்குத்தான் தெரியும். ஆகையால் எறும்பு என்று முடிவு செய்தார். பெட்டிக் காலைச் சுற்றி மஞ்சள்பொடி தூவச் சொன்னார். அத்தை பக்தியோடு தூவினாள். பிஸ்கத்து முன்னைவிட வேகமாகக் குறைந்தது. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் நான் ஒழுங்காக அளவோடுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி விசு. சித்திரை முதல் நாள் கணி காண்பது உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் இப்போதும் உண்டு. உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், தேங்காய், மாங்காய், கொன்றைப்பூ, கண்ணாடி, பொன், எல்லாம் ஒருக்கி வைத்து, விடியப்புறம் வீட்டுக்காரி எழுந்து விளக்குக் கொளுத்தி, மற்றவர்களைக் கண்ணைத் திறக்க விடாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். கண் திறந்தால் முதலில் படுவது கணியாக இருக்க வேண்டும். அந்த வருசம் முழுக்க அதன் பலன்தான். அப்பாவுக்கு இதில் நம்பிக்கை சொல்லி முடியாது. அதற்கு முந்தின விசுவுக்கு நடந்து வரும்போது கொசு கடித்ததென்று ஒரு கண்ணைத் திறந்தவர், தவிட்டுப் பானையைப் பார்த்துவிட்டார். அந்த வருசம் கும்பப்பூவில் பாதி பதர். கொசுவையும் தவிட்டுப் பானையையும் அவர் அதுவரைக்கும் மன்னிக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அம்மை சாமி அறையில் பெட்டிக்கு முன்னால் கணி ஒருக்கினாள். எல்லாம் இருந்தது, பொன் மட்டும் இல்லை. அப்பா அறைவாசலில் இந்தப் பக்கம் போவதும் அந்தப் பக்கம் வருவதுமாக இருந்தார். பொன் இல்லாமல் கணி இல்லை, ஆகையால் இன்றைக்குக் கேட்டே தீரவேண்டும் என்று அவர் கணக்கு. அம்மை வெள்ளரிக்காயைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். கடைசியில் அப்பா, "நான் படுக்கப் போறேன்" என்றார். "படுங்கோ" என்றாள் அம்மை.

விடியப்புறம் எழுப்பினாள். "கண்ணைத் திறக்காத மக்கா." குளிர்ந்த கை. கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். எப்போதும் நான் அத்தை மடியோரம்தான் உட்காருவேன். அன்றைக்கு என் முழங்கால் பெட்டியின் காலில் இடித்தது. என்னை ஏன் அப்படி உட்கார வைத்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கே பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் தோன்றியது.

எரிகிற எண்ணெய் வாசமும் வெள்ளரிக்காய் வாசமும் வந்தன. வரிசையாக அப்பா, லீவு முடியாத சித்தப்பா, அத்தை, நான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு.

"திறக்கட்டா?" என்றார் அப்பா.

"உங்க இஷ்டம். கணியில பொன்னு இல்ல."

அப்பாவின் மூச்சு பாதியில் நின்றது எனக்குக் கேட்டது.

"நீ பாத்தாச்சா?"

"விளக்குக் கொளுத்தினவ பாக்காம இருக்க முடியுமா? எனக்கு இந்த வருசம் பொன்னு இல்லாத கணிதான். உங்களுக்கும் அது போதும்னா திறங்கோ."

"ஏலே தம்பி, திறந்திராத" என்றாள் அத்தை. "போன வருசம் தவிட்டுப் பானை. இப்பம் பொன்னும் இல்லாட்டா பொறவு நாம மண்ணைத்தான் அளக்கணும்."

அப்பா கண்ணை மூடியபடி பெட்டியை நோக்கித் தவழ்ந்தார். ஏதோ உருண்டது. மாங்காயாக இருக்கும். அவர் கை வந்து என் காலைப் பிடித்துத் திருப்பியது.

"இது என்னது?"

"என் காலுப்பா."

பிறகு பூட்டைப் பிடித்தார். சக்கரம் கரகரவென்று சுற்றியது. சுற்றி என்ன செய்ய? சக்கரத்தில் எண் எழுதியிருப்பது கண்ணுக்குத்தான், விரலுக்கு இல்லை.

"அண்ணே, நம்பரைச் சொல்லுங்கோ, நான் திறக்கேன்" என்றார் சித்தப்பா.

"நீயும் கண்ணை மூடிக்கிட்டுதானல கெடக்க?"

"அப்பம் மைனிகிட்ட சொல்லுங்கோ. மைனி ஒரு ஆளுதான கண்ணு திறந்திருக்கா."

அப்பா தாழ்ந்த குரலில், "இங்க வா. காதுல சொல்லுகேன்" என்றார்.

"வேண்டாம்" என்றாள் அம்மை. "பொம்பளை வாயில நிக்காது."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் திறக்கேன்" என்று கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேதான். இழுத்துப் பிடித்தேன். முதல் முரண்டு, இரண்டாம் முரண்டு, மூன்றாவது. வளையம் 'டக்'கென்று வந்தது. அந்த அறையில் அதைக் கேட்காதவர் யாரும் இல்லை.

"ஆரு அது?"

"நான்தாம்ப்பா."

"உனக்கு நம்பர் ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல. இழுத்துப் பிடிச்சுக்கிட்டு திருப்பினா அதுவே சொல்லும்."

"சும்மா இருட்டி" என்றார் சித்தப்பா. "அது அப்படியெல்லாம் திறக்குத பூட்டு இல்ல."

"ஏன் திறக்காது?" என்றாள் அத்தை. "ஒரு இழுப்பு இழுத்து, பாக்குவெட்டியால ஒரு தட்டு தட்டினா போதும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அக்கா" என்றார் அப்பா. "அப்பம் அந்தப் பிஸ்கத்து?"

"எறும்பும் தின்னிருக்கும்லே" என்றாள் அத்தை.

சித்தப்பா மெல்ல ஆரம்பித்தார். "அண்ணே, உள்ளதைச் சொல்லுகேன். கப்பல் பூட்டு எல்லாம் இல்ல. ரோட்டோரத்துல சாக்கை விரிச்சு, குவிச்சுப் போட்டு வித்தான். ஒண்ணு வாங்கினா ஒரு சீப்பு சும்மா தந்தான்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெட்டி திறந்துவிட்டது, அம்மை பொன்னை எடுத்து வைப்பாள், கண்ணைத் திறக்கலாம், மிச்சப் பிஸ்கத்தைத் தின்னலாம். அம்மையின் குரல் என் தலைக்கு மேலே கேட்டது.

"மக்கா, அதைத் திருப்பிப் பூட்டு."

பூட்டினேன். "கலைச்சு விடு" என்றாள். கலைத்துவிட்டேன்.

"ரோட்டுல விக்கவனுக்குத் தெரியும், உங்க அக்காவுக்குத் தெரியும், பல்லு விழாத புள்ளைக்குத் தெரியும்" என்றாள் அம்மை. "பெட்டிக்காரிக்குத்தான் தெரியாது. எனக்குத் தட்டியும் திறக்கவேண்டாம், தடவியும் திறக்கவேண்டாம். நம்பர் வேணும். உங்க வாயால வேணும்."

வெளியே காக்கை கத்தத் தொடங்கிவிட்டது. என் மூடின கண்ணிமை வழியாகவே வெளுப்பு தெரிந்தது. நன்றாக விடிந்துவிட்டால் பிறகு கணி கண்டு பலன் இல்லை. அத்தை, "சொல்லித் தொலையேம்லே" என்று முனகினாள்.

"மூணும் சைபர்" என்றார் அப்பா.

சித்தப்பாதான் முதலில் கேட்டார். "சைபரா? அது வாங்கும்போதே இருக்கதுல்லாண்ணே. நம்பர் மாத்துததுக்கு நான் சொல்லித் தந்தேம்லா?"

"தந்த."

"பொறவு?"

"வெளங்கல்ல" என்றார் அப்பா.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை. பெண் வாயில் நம்பர் நிற்காது என்று சொன்னவர், கொட்டாரத்துப் பந்தியில் பிரதமனை அப்படியே விட்டு எழுந்தவர், எறும்புக்கு மஞ்சள் தூவினவர், இத்தனை பாடும் பட்டது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான். நம்பரை அம்மையிடம் சொன்னால், இது என்ன மூன்று முட்டை என்று கேட்பாள். கேட்டால் இதைச் சொல்ல வேண்டிவரும். அவர் அம்மையைச் சந்தேகப்படவே இல்லை. அது தெரியாமல் அம்மை எத்தனை உச்சைப்பொழுது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அம்மை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்பா அன்றைக்குக் கண்ணைத் திறந்தே இருக்கமாட்டார். குனிந்து சக்கரங்களைத் திருப்புகிற சத்தம் கேட்டது. பெட்டி திறந்தது, கற்பூர வாசம் வந்தது. காசுமாலை அரிசி மேல் விழுந்தது.

"இனி திறங்கோ" என்றாள்.

அன்று முற்பகலே அம்மை சித்தப்பாவைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தாள். நம்பர் மாற்றுவது எப்படி என்று கேட்டாள். அவர் சொன்னார். "வெளங்கல்ல, இன்னொருக்கா சொல்லுங்கோ" என்றாள். திரும்பச் சொன்னார். "இப்பமும் வெளங்கல்ல" என்றாள். ஒரு கூச்சமும் இல்லாமல், உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. அவர் பம்பாய்ப் பேச்சை விட்டு நம் பேச்சில் சொன்ன பிறகுதான் விட்டாள். அப்புறம் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். பூட்டு தொங்கியது. நம்பர் என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சித்தப்பா பம்பாய்க்குத் திரும்பின பிறகு ஒரு நாள். நெய்யூர்ப் பக்கம் ஒரு சடங்கு வீட்டுக்கு அப்பா போகவேண்டியிருந்தது. நல்ல நேரியல் பெட்டிக்குள் கிடந்தது. நான் வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏட்டி மக்கா, அந்தப் பெட்டியை ஒண்ணு திறந்து தா. நேரியல் எடுக்கணும்."

அவர் என்னிடம் இப்படி ஒரு காரியத்துக்கு வந்து நின்றது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்றுதான் சொல்லவேண்டும். திறக்க எத்தனை நேரம் ஆகும்? வாயில் போட்ட பாக்கு மெல்லுவதற்குள் திறந்துவிடுவேன்.

"அம்மை அடுக்களையிலதான் இருக்கா" என்றேன். "கேளுங்க."

அப்பா கொஞ்ச நேரம் என் புளியங்கொட்டைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, அடுக்களை வாசலுக்குப் போய் நின்றார்.

"இஞ்ச கேட்டியா. அந்த நேரியல் வேணும்."

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு தோளைச் சாய்த்துப் பூட்டை மறைத்துக்கொண்டாள். அப்பா இரண்டடி தள்ளி நின்று, வளையம் 'டக்'கென்று வருகிற வரைக்கும், மரியாதையாக மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.